அமுக்கினால் மூச்சில்லாத கம்ப்யூட்டர்: கரண்ட் எதுவரை வந்து நிற்கிறது?

“சிஸ்டம் ஆன் ஆகலைண்ணே.” இந்த ஒரு வரிக்குள் நாலு விதமான கோளாறு இருக்கும். சுவிட்சை அமுக்கினால் லைட்டும் இல்லை, ஃபேனும் இல்லை, கட்டை மாதிரிக் கிடக்கிறது என்பது ஒன்று. ஃபேன் அரைச்சுற்று துடித்துவிட்டு நின்றுவிடுகிறது என்பது இரண்டு. ஃபேன் ஓடுகிறது, மானிட்டரில் மட்டும் ஒன்றும் வரவில்லை என்பது மூன்று. விண்டோஸ் பாதியில் நிற்கிறது என்பது நாலு. முதல் இரண்டும் கரண்ட் சமாச்சாரம். மூன்றாவது பெரும்பாலும் ராமில் (மெமரி அட்டையில்) போய் முடியும். நாலாவதுக்கும் இங்கே சொல்லப்போவதற்கும் சம்பந்தமில்லை. ஆகவே முதல் கேள்வி: ஃபேன் சுற்றுகிறதா? காதை வைத்துக் கேட்க வேண்டாம், பின்பக்கம் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். காற்று வந்தால் தெரிந்துவிடும்.

ஃபேன் சுற்றவில்லை என்றதும் “எஸ்.எம்.பி.எஸ். போயிருச்சு” (சுவர்க் கரண்டை மெஷினுக்கு ஏற்ற சின்ன வோல்டேஜாக மாற்றித் தருகிற டப்பா) என்று முடிவுகட்டிப் புதுசு வாங்கி மாட்டுவதுதான் ஊர் வழக்கம். மாட்டியும் ஆன் ஆகாதபோது “அப்போ போர்டு” என்பார்கள். கடைசியில் முன்பக்கத்துச் சின்ன சுவிட்ச் மட்டும் கெட்டிருக்கும். சுவரிலிருந்து மதர்போர்டு வரை கரண்ட் வருகிற பாதை ஒரே வரிசை: சாக்கெட், ஜங்ஷன் பாக்ஸ், யு.பி.எஸ்., பவர் கார்டு, எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டு. எந்த இடம் வரை வந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தால் பழுது தானாக மாட்டும். நடுவில் குதித்தால் காசுதான் வீண்.

கையில் வேண்டியது: ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், டிஜிட்டல் மல்டிமீட்டர் (சாதாரண மீட்டரே போதும்), ஒரு பேப்பர் கிளிப், பென்சில் ரப்பர், ஒரு அங்குல பெயிண்ட் பிரஷ், ஒரு புது சி.ஆர். 2032 செல்.

சுவர்ப் பக்கம்

டெஸ்டர் எரிந்தால் கரண்ட் இருக்கிறது என்று நம்பாதீர்கள். நியூட்ரல் அறுந்திருந்தாலும் டெஸ்டர் எரியும். அதே சாக்கெட்டில் லோடு இழுக்கிற ஒன்றை மாட்டிப் பார்ப்பதுதான் சரி. செல்போன் சார்ஜர் போதாது. சாக்கெட்டுக்குள் இளகிப்போன தகட்டிலும் சார்ஜர் வேலை செய்யும், கம்ப்யூட்டர் லோடு வந்ததும் விட்டுவிடும். டேபிள் ஃபேன், 750 வாட்ஸ் இஸ்திரிப் பெட்டி மாதிரி ஒன்றைச் சுவர் சாக்கெட்டில் நேரடியாக ஒரு நிமிடம் ஓட்டுங்கள். யு.பி.எஸ்.சில் இஸ்திரிப் பெட்டியை மாட்டிவிடாதீர்கள். சாக்கெட் துளையைச் சுற்றிக் கருப்படித்திருந்தால் அந்த சாக்கெட்டை மாற்றாமல் மேற்கொண்டு போகவே வேண்டாம்.

அடுத்தது பவர் கார்டு. மானிட்டருக்கும் கேபினெட்டுக்கும் பெரும்பாலும் ஒரே மாதிரி கார்டுதான். மானிட்டரில் லைட் எரிகிறது என்றால் அந்தக் கார்டை உருவி கேபினெட்டில் குத்துங்கள். ஒரே வேலையில் சாக்கெட், ஜங்ஷன் பாக்ஸ், கார்டு மூன்றும் சோதித்தாயிற்று. மானிட்டர் அடாப்டரில் ஓடுகிற ரகமாக இருந்தால் பக்கத்து மெஷினின் கார்டைக் கடன் வாங்குங்கள்.

எஸ்.எம்.பி.எஸ்.சின் பின்புறம் கார்டு குத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் இருக்கும். கோடு போட்ட பக்கம் உள்ளே அமுங்கியிருந்தால் ஆன், வட்டம் போட்ட பக்கம் என்றால் ஆஃப். வீடு கூட்டும்போது விளக்குமாறு பட்டும், மேஜையைச் சுவரோடு தள்ளும்போதும் இது ஆஃப் ஆகிவிடுவது உண்டு. பழைய எஸ்.எம்.பி.எஸ்.சில் 115, 230 என்று எழுதிய இன்னொரு சிவப்புத் தள்ளு சுவிட்ச் இருக்கும். அது எப்போதும் 230-இல் இருக்க வேண்டும். பிள்ளைகள் விளையாட்டாக 115-க்குத் தள்ளிவிட்ட மெஷினுக்கு நம் ஊர்க் கரண்டைக் கொடுத்தால் ஒரு ‘டப்’போடு கதை முடிந்தது.

யு.பி.எஸ். இருந்தால் அதைச் சந்தேகப் பட்டியலில் மேலே வையுங்கள். கேபினெட்டை யு.பி.எஸ்.சிலிருந்து கழற்றி நேராகச் சுவரில் மாட்டிப் பாருங்கள். ஆன் ஆனால் பழுது யு.பி.எஸ்.சில். கடைகளில் ஓடுகிற 600 வி.ஏ. யு.பி.எஸ்.சுக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஏ.எச். பேட்டரி. இரண்டு மூன்று வருஷத்தில் அது உயிரை விடும். பேட்டரி செத்துப்போனால் கரண்ட் இருக்கும்போதுகூட ஆன் ஆகாத யு.பி.எஸ். மாடல்கள் உண்டு. பின்னால் கண்ணாடி ஃபியூஸோ அமுக்குகிற ரீசெட் பொத்தானோ இருக்கிறதா என்றும் பாருங்கள். லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்.சில் மாட்டி வைத்திருந்தால் இன்றோடு கழற்றிவிடுங்கள். அது சூடேறும் நேரத்தில் இழுக்கிற இழுப்பை 600 வி.ஏ. தாங்காது.

வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பல இன்வெர்ட்டர்களில் யு.பி.எஸ். மோடு, நார்மல் மோடு என்று ஒரு தேர்வு இருக்கும். கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாற யு.பி.எஸ். மோடில் சுமார் 10 மில்லி செகண்டு, நார்மல் மோடில் அதைவிட அதிகம். ஒரு நல்ல எஸ்.எம்.பி.எஸ். முழு லோடில் 16 மில்லி செகண்டு போலத் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் நார்மல் மோடில் வைத்திருக்கும் வீட்டில் கரண்ட் போகும்போதெல்லாம் கம்ப்யூட்டரும் சேர்ந்து போகிறது.

வோல்டேஜ்

மீட்டரை ஏ.சி. 600 அல்லது 750 ரேஞ்சில் வையுங்கள். சாக்கெட்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230-ஐ ஒட்டி, 207-லிருந்து 253-க்குள் காட்ட வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் கிட்டத்தட்ட அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இரண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டக்கூடாது.

மதுரை மாவட்டத்தில் மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி பக்கத்து ஊர்களில் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி, லைனின் கடைசியில் இருக்கிற இ-சேவை மையத்துக்கோ ஜெராக்ஸ் கடைக்கோ ஒரு தனித் தொல்லை. மோட்டார்கள் ஓடுகிற நேரத்தில் 170, 180 வரை இறங்கிவிடும். 100–240 என்று லேபிளில் போட்ட எஸ்.எம்.பி.எஸ். அதைப் பொருட்படுத்தாது. 200–240 என்று போட்ட ரகம் ஆன் ஆக மறுக்கும், அல்லது பாதியில் ரீஸ்டார்ட் ஆகும். காலையில் ஆன் ஆகாமல் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒழுங்காக ஆன் ஆகிற மெஷினை ரிப்பேருக்குத் தூக்கிப் போகாதீர்கள். முதலில் அந்த இரண்டு நேரத்திலும் சாக்கெட்டில் வோல்டேஜைப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறானது நியூட்ரல் அறுவது. மூன்று ஃபேஸ் வருகிற இடத்தில் நியூட்ரல் விட்டுப்போனால் ஒரு லைனில் 300-க்கு மேலேயும் ஏறும். டியூப்லைட், டி.வி., கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே நேரத்தில் போயிற்று என்றால் அநேகமாக இதுதான். எஸ்.எம்.பி.எஸ்.சுக்குள் வேரிஸ்டர் என்று ஒரு வட்ட வில்லை இருக்கும். அது தன்னைக் கொடுத்து ஃபியூஸை எரியவைத்து மற்றதைக் காப்பாற்றப் பார்க்கும். இந்த மாதிரி போன மெஷினில் எஸ்.எம்.பி.எஸ். மாற்றினால் மதர்போர்டு பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் லைன்மேனை வரவழைத்து நியூட்ரலைச் சரிசெய்வதற்கு முன்னால் புது எஸ்.எம்.பி.எஸ்.சை மாட்டினால் அதுவும் அதே வழிதான்.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம். எஸ்.எம்.பி.எஸ்.சின் ஃபில்டர் வழியே கசிகிற கரண்டுக்குப் போக வழியில்லாமல் பாடியில் நிற்கிறது. இதனால் மெஷின் ஆன் ஆகாமல் போகாது. ஆனால் மெஷின் ஓடும்போது மானிட்டர் கேபிளையோ லேன் ஒயரையோ குத்தினால் போர்ட்டை எரித்துவிடக்கூடும்.

திறக்கும் முன் ஐந்து நிமிடம்

செலவில்லாத ஒரு வைத்தியம். பவர் கார்டை உருவுங்கள். பிரிண்டர், பென்டிரைவ், லேன், கீபோர்டு, மவுஸ் எல்லாவற்றையும் கழற்றுங்கள். முன்பக்க பவர் பட்டனை 30 நொடி அமுக்கிப் பிடியுங்கள். ஐந்து நிமிடம் விட்டுவிட்டு, பவர் கார்டை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள்.

இது சடங்கு இல்லை. ஷார்ட்டோ அதிக வோல்டேஜோ கண்டால் எஸ்.எம்.பி.எஸ். தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். சில எஸ்.எம்.பி.எஸ்.சில் சுவரில் கரண்ட் இருக்கிறவரை அந்தப் பூட்டு திறக்காது, எத்தனை தடவை பட்டனை அமுக்கினாலும் சரி. உள்ளே மிச்சமிருக்கிற சார்ஜ் வடிந்தால்தான் விடும். இடி மின்னலுக்குப் பிறகு செத்துவிட்டது என்று ஓரம் கட்டிய மெஷின்களில் சில இப்படியே எழுந்து உட்காரும்.

எல்லாவற்றையும் கழற்றச் சொன்னதற்கும் காரணம் உண்டு. பத்திரப்பதிவு ஆபீஸ் வாசலில் இருக்கிற ஜெராக்ஸ் கடையில் ஒரு நாளைக்கு எத்தனை பேருடைய பென்டிரைவ் உள்ளே போய் வரும் என்று நினைத்துப் பாருங்கள். யு.எஸ்.பி. துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவிலிருக்கிற பிளாஸ்டிக் நாக்கு உடைந்து, நாலு பித்தளைக் கம்பியும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் அங்கேதான் ஷார்ட். ஒரு குண்டூசியால் கம்பிகளைப் பிரித்துவிட்டு (கரண்ட் இல்லாமல்) அந்தத் துளையை டேப் போட்டு மூடிவிடுங்கள். முன்பக்க யு.எஸ்.பி. என்றால் அதன் ஒயரை மதர்போர்டில் கழற்றினாலே போதும்.

உள்ளே

பவர் கார்டை உருவிவிட்டு, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பிலிருக்கிற ஸ்டாட்டிக் இறங்கும். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு நிமிடம் வெறுமனே பாருங்கள்.

மதர்போர்டில் நிற்கிற உருளை கெப்பாசிட்டர்களின் தலை சமமாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, காவி நிறத்தில் கசிந்திருந்தாலோ போர்டு சர்வீஸுக்குப் போக வேண்டியதுதான். பிராசசர் பக்கத்தில் ஏதாவது கருகியிருக்கிறதா? எலிப் புழுக்கை, கடித்த ஒயர், மூத்திரம் பட்டுப் பச்சைப் பூத்த தடம்? மதுரை கீழமாசி வீதி மளிகை மண்டி மாதிரி இடங்களில் கணக்குப் பார்க்கிற மெஷினுக்கு எலி ஒரு நிரந்தர எதிரி. பின்பக்கத்தில் தகடு இல்லாமல் திறந்து கிடக்கிற ஸ்லாட் வழியாகத்தான் நுழையும். அந்த ஓட்டைகளை அடையுங்கள். பல்லிக்கு எஸ்.எம்.பி.எஸ்.சின் கதகதப்பு பிடிக்கும். ஃபேன் ஜாலி வழியே எட்டிப் பார்த்தால் சில சமயம் காய்ந்துபோன பல்லி தெரியும். இரண்டு முனைக்கு நடுவே அது படுத்திருந்தால் எஸ்.எம்.பி.எஸ்.சோடு சேர்த்துத்தான் அடக்கம்.

தூசியை பிரஷ், ப்ளோயரால் தட்டுங்கள். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தறிகெட்டுச் சுற்றவிட்டால் பேரிங் தேயும்.

பிறகு கார்டை மாட்டுங்கள், ஆன் செய்யாமல் போர்டைப் பாருங்கள். பல போர்டுகளில் ஒரு சின்னப் பச்சை அல்லது ஆரஞ்சு லைட் எரியும். எரிந்தால் எஸ்.எம்.பி.எஸ்.சின் ஸ்டாண்ட்பை 5 வோல்ட் (மெஷின் அணைந்திருக்கும்போதும் வருவது) போர்டுவரை வந்துவிட்டது. பாதையில் பாதி தாண்டியாயிற்று. லைட்டே இல்லாத போர்டுகளும் உண்டு, எரியவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

சுவிட்சா, வேறா?

முன்பக்க பட்டனிலிருந்து இரண்டு மெல்லிய ஒயர் வந்து மதர்போர்டின் ஓரத்தில் ஒரு சின்ன ஊசிக் கூட்டத்தில் மாட்டியிருக்கும். மொத்தம் ஒன்பது ஊசி, ஐந்து ஜோடியில் ஒரு ஊசி மட்டும் இருக்காது. பெரும்பாலான போர்டுகளில் பவர் சுவிட்சுக்கு உரியவை 6, 8 என்ற ஊசிகள். ஊசி இல்லாத மூலைதான் 10, அதே வரிசையில் அதற்கு அடுத்த இரண்டும் பவர் சுவிட்ச். போர்டிலேயே சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும், செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அந்த ஒயரை உருவிவிட்டு, கார்டு மாட்டியிருக்கும் நிலையில், ஸ்க்ரூ டிரைவர் நுனியால் இரண்டு ஊசியையும் ஒரு நொடி சேர்த்துத் தொட்டு எடுங்கள். ஷாக் அடிக்காது, அங்கே இருப்பது 5 வோல்ட்டுக்கு மேல் இல்லை. மெஷின் ஆன் ஆகிவிட்டதா? பழுது பட்டனில். புது பட்டன் தேடி அலைய வேண்டாம். ரீசெட் பட்டனின் ஒயரை எடுத்து பவர் ஊசிகளில் மாட்டுங்கள். இரண்டும் ஒரே ரகச் சுவிட்ச்தான், முன்பின் பார்க்க வேண்டியதில்லை. இனி ரீசெட்தான் பவர்.

பட்டன் அமுங்கியபடியே சிக்கிக்கொள்வது இன்னொரு ரகம். மெஷின் ஆன் ஆகும், நாலைந்து நொடியில் சொல்லிவைத்த மாதிரி அணையும். பட்டனைத் தொடர்ந்து நாலு நொடி அமுக்கினால் அணைய வேண்டும் என்பது மதர்போர்டுக்கு இடப்பட்ட உத்தரவு, அது அதன்படி நடக்கிறது. இதை பிராசசர் சூடு என்று நினைத்து தெர்மல் பேஸ்ட் மாற்றிக்கொண்டிருப்பார்கள். அந்த ஒயரை உருவிவிட்டு ஸ்க்ரூ டிரைவரால் ஆன் செய்து பாருங்கள், உண்மை தெரியும்.

எஸ்.எம்.பி.எஸ். சோதனை

முதலில் ஒரு எச்சரிக்கை. எஸ்.எம்.பி.எஸ்.சின் டப்பாவைத் திறக்காதீர்கள். உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டி.சி. நிற்கும், கார்டை உருவிய பிறகும் கொஞ்ச நேரம் போகாது. வெளியே வருகிற ஒயர்களில் செய்யும் சோதனையே நமக்குப் போதும்.

24 பின் கனெக்டரை போர்டிலிருந்து கழற்றுங்கள், பிராசசர் பக்கத்து 4 பின் அல்லது 8 பின் கனெக்டரையும் கழற்றுங்கள். மீட்டர் டி.சி. 20 வோல்ட்டில். கார்டை மாட்டி, கருப்பு முனையைக் கருப்பு ஒயரிலும் சிவப்பு முனையை ஊதா ஒயரிலும் வையுங்கள். 5 வோல்ட் வர வேண்டும். மெஷின் அணைந்திருக்கும்போதும் வந்துகொண்டே இருக்கிற ஸ்டாண்ட்பை அது. பூஜ்யம் என்றால் எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது, அடுத்த படி தேவையில்லை.

5 வந்தால், கார்டை உருவிவிட்டுப் பேப்பர் கிளிப்பை ‘ப’ மாதிரி வளைத்து, பச்சை ஒயர் இருக்கிற குழியிலும் பக்கத்துக் கருப்பு ஒயர்க் குழியிலும் செருகுங்கள். ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கையோ கேபினெட் ஃபேனையோ லோடாக மாட்டுங்கள், சில எஸ்.எம்.பி.எஸ். லோடு இல்லாமல் ஓடாது. கார்டை மாட்டினால் எஸ்.எம்.பி.எஸ். ஃபேன் சுற்ற வேண்டும்.

எல்லா ஒயரும் கருப்பாக வருகிற புது எஸ்.எம்.பி.எஸ்.சில் பச்சையை எப்படிக் கண்டுபிடிப்பது? கனெக்டரில் கொக்கி இருக்கிற பக்கத்து வரிசையைப் பாருங்கள். அதில் ஒரு குழியில் மட்டும் ஒயரே இருக்காது. அந்தக் காலிக் குழியிலிருந்து, அதிகக் குழிகள் இருக்கிற பக்கமாக எண்ணுங்கள். மூன்று குழி எர்த், நாலாவது குழிதான் பச்சை. அதன் இரண்டு பக்கமும் எர்த் என்பதால் எந்தப் பக்கத்தோடு சேர்த்தாலும் சரிதான்.

ஓடும்போது எடுக்க வேண்டிய அளவுகள்:

ஆரஞ்சு: 3.14 முதல் 3.47 வோல்ட்
சிவப்பு: 4.75 முதல் 5.25
மஞ்சள்: 11.4 முதல் 12.6
சாம்பல்: 5-ஐ ஒட்டி. ‘எல்லாம் சரி’ என்று மதர்போர்டுக்கு எஸ்.எம்.பி.எஸ். கொடுக்கிற கொடியசைப்பு இது. ஆன் ஆனதும் அரை நொடிக்குள் ஏற வேண்டும். ஏறாவிட்டால் ஃபேன் சுற்றினாலும் மதர்போர்டு எழுந்திருக்காது.

ஃபேன் சுற்றியது என்பதற்காக எஸ்.எம்.பி.எஸ்.சுக்கு நற்சான்று கொடுத்துவிடாதீர்கள். லோடு இல்லாமல் 12.1 காட்டுவது, போர்டில் மாட்டியதும் 10-க்கு விழும். கனெக்டரைத் திரும்ப போர்டில் குத்தி, ஒயர் நுழைகிற பின்பக்கத் துளை வழியே மீட்டர் முனையை இறக்கி, ஆன் செய்யும் நொடியில் மஞ்சளைக் கவனியுங்கள். இந்த அளவைத்தான் நம்ப வேண்டும்.

டெல், எச்.பி., லெனோவா பிராண்டட் மெஷின்களில், அதுவும் இப்போது செகண்ட்ஸில் நிறைய விற்கிற குட்டி ஆபீஸ் மெஷின்களில், பல மாடல்களுக்கு 24 பின்னே கிடையாது. 6, 8, 10 பின் என்று தனி ரகம், ஒயர் நிறத்துக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. பேப்பர் கிளிப்பைக் கண்ட குழியில் செருக வேண்டாம். டெல்லில் பல எஸ்.எம்.பி.எஸ்.சின் பின்னால் ஒரு குட்டி டெஸ்ட் பட்டனும் லைட்டும் இருக்கும், அமுக்கினால் பச்சை எரிய வேண்டும். மாற்றுவதாக இருந்தால் அதே பார்ட் நம்பரைப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு முக்கியமான நடத்தையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் மின்வாரியத்துக்கு அதிகத் திட்டு விழும். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் கரண்டை நிறுத்தி, மத்தியானம் திரும்பக் கொடுக்கிறார்கள். அதுவரை ஒழுங்காக ஓடிய மெஷின் அதன்பிறகு ஆன் ஆகவில்லை. “கரண்ட் வரும்போது அடிச்சிருச்சு” என்பார்கள். பல சமயம் அடிக்கவில்லை. எஸ்.எம்.பி.எஸ்.சுக்குள் ஸ்டாண்ட்பை பகுதியில் இருக்கிற சின்னக் கெப்பாசிட்டர்கள் வருஷக்கணக்கில் சூட்டில் வெந்து காய்ந்து போயிருக்கும். மெஷினை ஷட் டவுன் செய்தாலும் சுவர்ச் சுவிட்சை அணைக்காததால் அந்தப் பகுதி இத்தனை நாள் ஓடிக்கொண்டே, கதகதப்பாகவே இருந்தது. ஓடுகிறவரை ஓடும், ஒருமுறை குளிர்ந்தால் திரும்பக் கிளம்பத் தெம்பிருக்காது. அடையாளம்: நாலைந்து தடவை அமுக்கினால்தான் ஆன் ஆகும், அல்லது சுவர்ச் சுவிட்சைப் போட்டு அரைமணி நேரம் கழித்து ஆன் ஆகும். கெப்பாசிட்டர் மாற்றத் தெரிந்த மெக்கானிக்கிடம் சின்ன வேலை. இல்லையென்றால் எஸ்.எம்.பி.எஸ். மாற்றம். இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஸ்டாண்ட்பை 5 வோல்ட் கட்டுமீறி ஏறினால் போர்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

புதுசு வாங்கும்போது அட்டைமேல் பெரிதாகப் போட்ட ‘450’-ஐப் பார்க்காமல் லேபிளில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 12-ஐ அந்த ஆம்பியரால் பெருக்கினால் வருவதுதான் உண்மையான தெம்பு. 450 என்று போட்டு 12 வோல்ட்டில் 14 ஆம்பியர் என்றால் 168 வாட்ஸ்தான். டாலி, தட்டச்சு, பிரிண்ட் மட்டும் ஓடுகிற, கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினுக்கு அதுவும் போதும். ஃபோட்டோ ஸ்டுடியோ, ஃபிளெக்ஸ் டிசைன் செய்கிற கார்டு போட்ட மெஷினுக்கு 80 பிளஸ் முத்திரை உள்ளதை வாங்குங்கள், கையில் தூக்கினாலே கனம் தெரியும்.

அரைச்சுற்று துடித்து நின்றால்

எங்கோ ஷார்ட் இருக்கிறது, எஸ்.எம்.பி.எஸ். பயந்து விலகுகிறது. ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்து ஒவ்வொரு முறையும் ஆன் செய்து பாருங்கள் (கழற்றும்போது கார்டை உருவிவிட்டு): ஹார்டு டிஸ்க், டி.வி.டி., கிராஃபிக்ஸ் கார்டு, முன் யு.எஸ்.பி. ஒயர், கேபினெட் ஃபேன், ராம். எதைக் கழற்றியதும் ஃபேன் ஓடுகிறதோ அதுதான் திருடன்.

எல்லாம் கழற்றியும் துடிக்கிறதென்றால் பிராசசர் பக்கத்து 4 பின் கனெக்டரை உருவி ஆன் செய்யுங்கள். இப்போது ஃபேன் நிற்காமல் ஓடினால் ஷார்ட் பிராசசருக்குக் கரண்ட் கொடுக்கிற மாஸ்ஃபெட் பகுதியில். மீட்டரை பஸ்ஸரில் வைத்து, போர்டிலுள்ள அந்த சாக்கெட்டில் மஞ்சளுக்குரிய ஊசிக்கும் கருப்புக்குரிய ஊசிக்கும் நடுவே பாருங்கள். ஒரு கணம் கத்தி நின்றால் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிறது, பயமில்லை. விடாமல் கத்தினால் மாஸ்ஃபெட் போய்விட்டது, சிப் லெவல் சர்வீஸ். பிராசசரைச் சுற்றியுள்ள காயில்களில் மீட்டரை வைத்துவிட்டு “ஷார்ட் காட்டுது” என்று பதறாதீர்கள், அங்கே ஒன்றிரண்டு ஓம் காட்டுவது பிராசசரின் இயல்பு.

கடைசியாக, போர்டையே கழற்றி ஒரு அட்டைப் பெட்டிமேல் வைத்து எஸ்.எம்.பி.எஸ்., பிராசசர், அதன் ஃபேன், ஒரு ராம் மட்டும் மாட்டி ஸ்க்ரூ டிரைவரால் ஆன் செய்து பாருங்கள். வெளியே ஓடி, கேபினெட்டுக்குள் ஓடவில்லை என்றால் போர்டுக்கு அடியில் விழுந்து கிடக்கிற ஸ்க்ரூவோ, துளைக்கு நேராக இல்லாத பித்தளை ஸ்டாண்டோ தொட்டுக்கொண்டிருக்கிறது.

ஃபேன் ஓடி, டிஸ்ப்ளே இல்லாவிட்டால்

ராமைக் கழற்றி, அதன் தங்கநிறக் காலைப் பென்சில் ரப்பரால் ஒரே திசையில் தேயுங்கள். இங்க் ரப்பர் வேண்டாம், அது முலாமை உரிக்கும். தூளை பிரஷால் தட்டிவிட்டு, ஸ்லாட்டையும் பிரஷ் செய்து, இரண்டு பக்கக் கொக்கியும் ‘கிளிக்’ என்று விழும்வரை அழுத்துங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாக, ஸ்லாட் மாற்றி மாற்றிப் பாருங்கள்.

போர்டில் ஸ்பீக்கர் இருந்தால் ஒரு அருமையான சோதனை இருக்கிறது: ராமே இல்லாமல் ஆன் செய்யுங்கள். பீப் பீப் என்று கத்தினால் சந்தோஷப்படுங்கள். பிராசசரும் பயாஸும் (மெஷினைத் தொடக்கிவைக்கிற, போர்டுக்குள்ளேயே இருக்கிற புரோகிராம்) உயிரோடு இருக்கின்றன, ராம் இல்லை என்று புகார் சொல்கின்றன. சத்தமே இல்லையென்றால் போர்டு அல்லது பிராசசர்.

மதர்போர்டில் இருக்கிற வட்ட செல் (சி.ஆர். 2032) 2.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மாற்றுங்கள். செல் செத்ததால் மட்டும் மெஷின் ஆன் ஆகாமல் போவது அரிது, ஆனால் அப்படி முரண்டு பிடிக்கிற போர்டுகளும் உண்டு. கார்டை உருவி, செல்லைக் கழற்றி ஐந்து நிமிடம் வைத்துத் திரும்பப் போட்டால் பயாஸ் செட்டிங்கும் பழையபடி ஆகிவிடும்.

ஆன் ஆகி ஒன்றிரண்டு நிமிடத்தில் அணைந்தால், அதுவும் சித்திரை வெயிலில், பிராசசரின் ஹீட் சிங்க்கைப் பாருங்கள். இன்டெல் ஃபேனின் நாலு பிளாஸ்டிக் ஊசியில் ஒன்று இளகியிருந்தாலே போதும், சூடு இறங்காது. கழற்றினால் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதுசை ஒரு பச்சைப்பயறு அளவு நடுவில் வையுங்கள். சப்பாத்திக்கு நெய் தடவுகிற மாதிரி வேண்டாம்.

எப்போது கையை எடுப்பது

கார்டைக் குத்தியதும் எம்.சி.பி. (மெயின் பெட்டியில் தானாக விழுகிற ட்ரிப் சுவிட்ச்) விழுந்தால், கருகிய வாடை வந்தால், மழைத் தண்ணீர் உள்ளே போயிருந்தால் மறுபடி ஆன் செய்து பார்க்காதீர்கள். இடி விழுந்த மறுநாள் ஆன் ஆகவில்லை, லேன் போர்ட் கருகியிருக்கிறது என்றால் மின்னல் வந்தது இன்டர்நெட் ஒயர் வழியாக. கோடை மழையிலும் ஐப்பசி அடைமழையிலும் பிளக்கை உருவுகிற கை லேன் ஒயரையும் சேர்த்து உருவ வேண்டும்.

சர்வீஸுக்குக் கொடுப்பதற்கு முன் ஹார்டு டிஸ்க்கையோ எஸ்.எஸ்.டி.யையோ கழற்றி வீட்டில் வையுங்கள். ஆன் ஆகாத பழுதைப் பார்க்க அது தேவையில்லை, உங்கள் கணக்கும் போட்டோவும் அதற்குள்தான் இருக்கின்றன. “ஆன் ஆகலை” என்று மட்டும் சொல்லாமல், ஊதாவில் எவ்வளவு வந்தது, கிளிப் போட்டதும் எஸ்.எம்.பி.எஸ். ஓடியதா, 4 பின்னைக் கழற்றியதும் என்ன ஆயிற்று என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி கேபினெட்டில் ஒட்டிக் கொடுங்கள். எந்தப் பார்ட்டை மாற்றினாலும் பழையதைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.